சுவையறியும் மின்வாய்

நுழையும்முன்

வாகனங்கள் உமிழும் புகையை ஓயாமல் சோதிக்கும் சிறு கருவி ஒன்று அவற்றின் புகைக்குழாயிலேயே பொருத்தப்பட்டுள்ளது. கண்ணுக்குத் தெரியாத வளிமங்களை அது எப்படி இனங்காண்கிறது? அதன் உள்ளே பூசப்பட்டுள்ள மெல்லிய உலோகப் படலத்துக்கு அதில் என்ன பங்கு? பிளாட்டினத்தைப் பூசினால் ஒரு விடையும் பொன்னைக் கலந்தால் வேறொரு விடையும் கிடைப்பது ஏன்? வேதியியலும் பொறியியலும் நாம் சுவாசிக்கும் காற்றும் சந்திக்கும் இடம் ஒன்றை இப்பாடம் விளக்குகிறது.

மின்சாரம் ஒரு கரைசலுக்குள்ளோ திண்மத்துக்குள்ளோ நுழையும் இடத்தையும், அதைவிட்டு வெளியேறும் இடத்தையும் மின்முனை என்கிறோம். மின்வாய் என்னும் பெயரும் அதற்கு உண்டு. முனை என்றதும் கம்பியின் நுனி நினைவுக்கு வரும். வாய் என்ற சொல்லிலோ நுழைவழி என்ற பொருளோடு உண்ணுதலும் சுவைத்தலும் சேர்ந்தே இருக்கின்றன. புகையை அளக்கும் கருவிகளைப் பற்றிப் பேசும்போது இரண்டாவது பெயரே பொருத்தமானது. அக்கருவிகளின் மின்வாய், மின்சாரத்தைக் கடத்திவிட்டுச் சும்மா இருப்பதில்லை. தன்னைத் தொடும் வளிமங்களோடு வினைபுரிகிறது, சிலவற்றை எரிக்கிறது, சிலவற்றைத் தீண்டாமல் விடுகிறது. எதை எரிக்கும், எதை விடும் என்பது அது எந்த உலோகத்தால் ஆனது என்பதைப் பொறுத்தது. கருவி சொல்லும் விடையும் அதைப் பொறுத்ததே.

இன்றைய பெட்ரோல் மகிழுந்து எதுவாயினும், எஞ்சினிலிருந்து புறப்படும் புகைக்குழாயில் ஸ்பார்க் பிளக்கைப் போன்ற தோற்றமுடைய ஒன்று திருகி இறுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அறிவியல் நூல்கள் அதை லாம்டா உணரி என்கின்றன. பணிமனைகளில் ஆக்சிஜன் சென்சார் என்றால்தான் தெரியும். பாரத் நிலை 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் 2020 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தபின், புதிதாக விற்பனைக்கு வரும் இருசக்கர வாகனங்களிலும் இது பரவலாக இடம்பெற்றுவிட்டது. நாள்தோறும் நம்மைக் கடந்து செல்லும் வாகனங்களில் இருந்தும், நம்மில் பலர் ஒருமுறைகூடப் பார்த்திராத கருவி இது.

அன்னாசி மணமும் நகரத்துப் புகையும்

இக்கருவியின் தேவை அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் தோன்றியது. 1943ஆம் ஆண்டுக் கோடையில் அந்நகரைப் பழுப்பு நிறப் புகைமூட்டம் சூழ்ந்தது. மக்களின் கண்கள் எரிந்தன, தொண்டை கரகரத்தது. உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலமாதலால், எதிரிகள் நச்சுப்புகையை ஏவிவிட்டார்கள் என்றுகூடச் சிலர் அஞ்சினர். ஆண்டுகள் சென்றும் மூட்டம் அகலவில்லை. தொழிற்சாலைகளின் மீதும் குப்பை எரிப்போர் மீதும் பழி விழுந்தது.

உண்மைக் காரணத்தைக் கண்டறிந்தவர், கலிஃபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ஏரி ஹாகன்-ஸ்மிட் என்னும் டச்சு நாட்டு உயிர்வேதியியலாளர். அன்னாசிப்பழத்தின் மணத்துக்குக் காரணமான வேதிப்பொருள்களைப் பிரித்தெடுத்து ஆராய்ந்துகொண்டிருந்தவர் அவர். பழத்தின் மணத்தைக் குளிர்வித்துத் திரட்டும் அதே முறையால் நகரத்துக் காற்றையும் திரட்டிப் பார்த்தார். வாகனங்கள் கக்கும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனையும் பிற எரிச்சலூட்டும் பொருள்களையும் உண்டாக்குகின்றன என்பதை 1950களின் தொடக்கத்தில் நிறுவினார். குற்றவாளி ஒவ்வொரு வீட்டின் வாயிலிலும் நின்றுகொண்டிருந்த மகிழுந்து என்பதை அந்நகரம் எளிதில் ஏற்கவில்லை.

1970இல் அமெரிக்கா இயற்றிய தூய காற்றுச் சட்டம், மகிழுந்துப் புகையின் மாசுகளைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும் என்று ஆணையிட்டது. இதற்காக உருவானதே மும்முனை வினைவேகமாற்றி. கார்பன் மோனாக்சைடையும் எரியாத ஹைட்ரோகார்பன்களையும் ஆக்சிஜனேற்றம் செய்து, நைட்ரஜன் ஆக்சைடுகளை ஒடுக்கி, மூன்று மாசுகளையும் ஒருசேர அகற்றுவது அது. ஆனால் அதற்கு ஒரு பிடிவாதம் உண்டு. எஞ்சினுக்குள் செல்லும் காற்றும் பெட்ரோலும் ஏறத்தாழ 14.7க்கு 1 என்னும் எடை விகிதத்தில் இருந்தால்தான் மூன்று வேலையையும் செய்யும். பெட்ரோல் முழுமையாக எரிவதற்குச் சரியாகத் தேவைப்படும் காற்றின் அளவு இது. காற்று சற்று மிகுந்தால் நைட்ரஜன் ஆக்சைடுகள் தப்பிவிடும். பெட்ரோல் சற்று மிகுந்தால் மற்ற இரண்டும் தப்பிவிடும். ஏற்றத்திலும் இறக்கத்திலும், நெரிசலிலும் நெடுஞ்சாலையிலும் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான பிழையுடன் இவ்விகிதத்தைக் காக்க வேண்டும். எனவே, எரிந்து முடிந்த புகையைச் சோதித்து, ‘காற்று மிகுதி’ அல்லது ‘எரிபொருள் மிகுதி’ என்று நொடிக்கு நொடி எஞ்சினுக்குச் சொல்லும் ஓர் உணரி இன்றியமையாததாயிற்று.

விளக்கிலிருந்து வந்த பீங்கான்

அந்த உணரிக்குரிய பொருள் முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே, விளக்கு செய்யும் முயற்சியில் கிடைத்திருந்தது. ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் வால்தர் நெர்ன்ஸ்டு 1897இல் புதுவகை மின்விளக்கு ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அவ்விளக்கில் ஒளிர்ந்தது உலோக இழையன்று. சிர்கோனியம் ஆக்சைடோடு யிட்ரியம் ஆக்சைடு போன்றவற்றைக் கலந்து சுட்ட பீங்கான் கோல். குளிர்ந்த நிலையில் அது மின்சாரத்தைக் கடத்தாது. முதலில் வெளியிலிருந்து சூடேற்ற வேண்டும். செந்தணல் நிலையை எட்டியதும் கடத்தத் தொடங்கி வெண்ணிறமாக ஒளிரும். 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் ஓர் அரங்கமே இவ்விளக்குகளால் ஒளியூட்டப்பட்டது. பின்வந்த டங்ஸ்டன் இழை விளக்கு இதை வீழ்த்திவிட்டது. விளக்கு மறைந்தாலும் பீங்கான் நிலைத்தது.

அப்பீங்கானுக்குள் மின்சாரத்தைச் சுமந்து செல்பவை எலக்ட்ரான்கள் அல்ல, ஆக்சிஜன் அயனிகள். சிர்கோனியம் அயனியின் மின்சுமை நான்கு. யிட்ரியம் அயனியின் மின்சுமை மூன்று. இரண்டு சிர்கோனியம் இருக்க வேண்டிய இடங்களில் இரண்டு யிட்ரியம் அமர்ந்தால், மின்சுமைக் கணக்கை நேர்செய்ய ஓர் ஆக்சிஜன் அயனியின் இருக்கை காலியாக விடப்படுகிறது. காலி இருக்கைகள் இருந்தால்தானே நகர முடியும்? வெப்பம் மிகும்போது ஆக்சிஜன் அயனிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காலி இருக்கைக்குத் தாவித் தாவி இடம்பெயர்கின்றன. இவ்விளக்கத்தை 1943இல் அளித்தவர் கார்ல் வாக்னர்.

இப்பீங்கானை ஒருபுறம் மூடிய சிறு குழலாகச் செய்து, உட்புறத்தில் தூய காற்றும் வெளிப்புறத்தில் எஞ்சின் புகையும் படுமாறு வைத்து, இரு பரப்புகளிலும் மின்வாய்களைப் பூசினால் லாம்டா உணரி உருவாகிவிடும். இரு பக்கங்களிலும் உள்ள ஆக்சிஜன் அழுத்தங்கள் வேறுபட்டால் மின்வாய்களுக்கிடையே மின்னழுத்தம் தோன்றும். அதன் அளவைத் தருவது, வேதியியல் வகுப்பில் நாம் கற்கும் நெர்ன்ஸ்டு சமன்பாடே. பீங்கானைக் கண்டவரும் சமன்பாட்டை வகுத்தவரும் ஒருவரே. ஆயினும் இரண்டும் ஒரு வாகனத்தின் புகைக்குழாயில் ஒன்றுசேரும் என்பதை அவர் நினைத்திருக்க வழியில்லை. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் இத்தகைய உணரிகளை 1976இல் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது. அமெரிக்காவுக்கு ஏற்றுமதியான வால்வோ மகிழுந்துகளில் அவை முதன்முதலாக இடம்பெற்றன.

மூன்றும் சேரும் கரை

பீங்கானில் நகர்வது அயனி. வெளிக்கம்பியில் ஓடுவது எலக்ட்ரான். காற்றில் இருப்பதோ மின்சுமையற்ற ஆக்சிஜன் மூலக்கூறு. இம்மூன்றுக்கும் இடையே மாற்றம் நிகழ ஓரிடம் வேண்டும். ஆக்சிஜன் மூலக்கூறு உலோகத்தின்மேல் அமர்ந்து இரண்டு அணுக்களாகப் பிளந்து, நான்கு எலக்ட்ரான்களை ஏற்று, இரண்டு அயனிகளாகிப் பீங்கானுக்குள் இறங்க வேண்டும். வளிமமும் உலோகமும் பீங்கானும் ஒன்றையொன்று தொடும் கோட்டிலேயே இது எளிதாக நடைபெறும். இக்கோட்டை முந்நிலை எல்லை என்பர். கடலும் நிலமும் வானும் சந்திக்கும் கரையைப் போன்றது இது.

உலோகத்தைக் கெட்டியான தகடாக ஒட்டினால் வளிமம் பீங்கானை அடையாது. கரை தகட்டின் விளிம்போடு முடிந்துவிடும். ஆகவே மின்வாயில் எண்ணற்ற நுண்துளைகள் இருக்க வேண்டும். உலோகத் தூளை மாவுபோலக் குழைத்து, பீங்கான்மேல் பூசி அல்லது அச்சிட்டுச் சுடுகிறார்கள். குழம்பில் சிர்கோனியாத் தூளையும் சேர்ப்பதுண்டு. சுட்டபின் உலோக மணிகளும் பீங்கான் மணிகளும் ஒன்றோடொன்று பின்னிய வலையாகி, ஒவ்வொரு மணியின் ஓரத்திலும் ஒரு கரை பிறக்கிறது. அதோடு வேறொரு நன்மையும் உண்டு: வெப்பத்தில் உலோக மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்துப்போகாமல் இடையிலுள்ள பீங்கான் மணிகள் தடுக்கின்றன.

எந்த உலோகம் என்ற கேள்வி இங்கே எழுகிறது. புகையின் வெப்பத்தில் இரும்பும் செம்பும் துருப்பிடித்துவிடும். வெள்ளி, ஆக்சிஜனைப் பிளப்பதில் வல்லது, விலையும் குறைவு. ஆனால் 962 பாகை செல்சியஸிலேயே உருகிவிடும். அதற்கு நெடுந்தொலைவு கீழேயே ஆவியாகித் தேயவும் தொடங்கிவிடும். மேலும், சூடேறும்போது வெள்ளி சிர்கோனியாவைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரிவடையும். நாள்தோறும் பலமுறை சூடாகிக் குளிரும் கருவியில் அப்பூச்சு நாளடைவில் பெயர்ந்துவிடும். பிளாட்டினமோ 1768 பாகையில்தான் உருகும். அதன் விரிவு சிர்கோனியாவின் விரிவுக்கு மிக நெருக்கமானது. தாங்கும் திறன் ஒன்றை மட்டும் பார்த்தாலே பிளாட்டினம் தேர்வாகிவிடும். எனினும் அது தேர்வானதற்கு இன்னும் ஆழமான காரணம் உள்ளது.

பிளாட்டினம் சொல்லும் உண்மை

எஞ்சினிலிருந்து வரும் புகை முழுமையாக எரிந்து முடிந்த ஒன்றன்று. ஒவ்வொரு வெடிப்புக்கும் கிடைக்கும் நேரம் நொடியின் மிகச்சிறு பகுதியே. ஆதலால் எரியாத கார்பன் மோனாக்சைடும் பயன்படாத ஆக்சிஜனும் பக்கம் பக்கமாகவே வெளியேறுகின்றன. ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். புகையில் கார்பன் மோனாக்சைடு 2 விழுக்காடும் ஆக்சிஜன் 0.5 விழுக்காடும் இருப்பதாகக் கொள்வோம். ஒரு பங்கு ஆக்சிஜன் இரு பங்கு கார்பன் மோனாக்சைடை எரிக்கும். ஆக, இருக்கும் ஆக்சிஜன் முழுவதும் செலவானாலும் 1 விழுக்காடு கார்பன் மோனாக்சைடு மீதமிருக்கும். எனவே இது எரிபொருள் மிகுந்த கலவை; உணரி அவ்வாறே சொல்ல வேண்டும்.

உணரியின் வெப்பநிலை ஏறத்தாழ 727 பாகை, அதாவது 1000 கெல்வின் என்போம். நெர்ன்ஸ்டு சமன்பாட்டின்படி, இரு பக்க ஆக்சிஜன் அழுத்தங்களின் விகிதம் பத்து மடங்கு கூடும்போதெல்லாம் மின்னழுத்தம் சுமார் 0.05 வோல்ட் கூடும். மின்வாய் தன்மேல் படும் ஆக்சிஜனை மட்டும் எண்ணிவிட்டு வேறெதுவும் செய்யாது என்று வைத்துக்கொள்வோம். காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடு, புகையில் 0.5 விழுக்காடு, விகிதம் 42. கிடைக்கும் மின்னழுத்தம் 0.08 வோல்ட். ‘ஆக்சிஜன் மீதமுள்ளது, காற்று மிகுதி’ என்பது அதன் பொருள். அதை நம்பும் எஞ்சின் இன்னும் அதிகப் பெட்ரோலைப் பாய்ச்சும். எண்ணிக்கை சரி; விடை பொய்.

பிளாட்டினம் அப்படி வாளாவிருப்பதில்லை. தன்மேல் அமரும் கார்பன் மோனாக்சைடையும் ஆக்சிஜனையும் இணைத்து அங்கேயே எரித்துவிடுகிறது. எஞ்சினுக்குள் நேரமின்மையால் நின்றுபோன எரிதல் மின்வாயின் பரப்பில் நிறைவுபெறுகிறது. ஆக்சிஜன் ஏறக்குறைய முற்றும் தீர்ந்து, வேதிச் சமநிலை அனுமதிக்கும் எச்சம் மட்டுமே இருக்கும். அந்த எச்சம், ஒன்றன்பின் பதினெட்டுச் சுழியங்கள் இட்ட எண்ணில் ஒரு பங்கு என்னும் அளவினது. இப்போது விகிதம் பதினேழு முறைக்கு மேல் பத்து மடங்காகிறது. மின்னழுத்தம் ஏறத்தாழ 0.86 வோல்ட். ‘எரிபொருள் மிகுதி’ என்று உணரி உரத்துச் சொல்கிறது. சரியான விகிதத்தைக் கடக்கும் இடத்தில் மின்னழுத்தம் 0.1 வோல்ட்டுக்கு அருகிலிருந்து 0.8 வோல்ட்டுக்கு மேலே ஒரே தாவலில் எழுகிறது. அந்தத் தாவலை எஞ்சினின் கணினி தவறவிட முடியாது.

ஆகவே லாம்டா உணரி அளப்பது புகையில் உள்ளபடியான ஆக்சிஜனை அன்று. எல்லாம் எரிந்து முடிந்திருந்தால் எவ்வளவு மீந்திருக்குமோ அதை. எரித்து முடிக்கும் வேலையைச் செய்வது மின்வாயே. பெட்ரோலுடன் எத்தனால் கலக்கப்படும் இக்காலத்திலும் இவ்வியல்பு கைகொடுக்கிறது. எத்தனால் தனியாக எரிய எடையில் 9 மடங்கு காற்றே போதும். எனவே கலப்பு கூடக்கூட 14.7 என்ற எண் இறங்கிக்கொண்டே வரும். உணரிக்கோ அந்த எண் தெரியவேண்டியதே இல்லை. எரிந்தபின் ஆக்சிஜன் மீந்ததா, எரிபொருள் மீந்ததா என்பதே அதன் கேள்வி.

பிளாட்டினத்தின் இத்திறனை முதலில் கண்டவர்களுள் ஒருவர் ஹம்ஃப்ரி டேவி. சுரங்கத் தொழிலாளர்களுக்கான காப்பு விளக்கை உருவாக்கியபின், 1817இல், நிலக்கரி வளிமமும் காற்றும் கலந்த கலவையில் சூடான பிளாட்டினக் கம்பியை நுழைத்தார். தீச்சுடர் இல்லை, ஆனால் கம்பி செந்தணலாக ஒளிர்ந்துகொண்டே இருந்தது. சுடரின்றி எரிதல் அதன் மேற்பரப்பில் நடந்துகொண்டிருந்தது. வினைவேகமாற்றம் என்னும் கருத்துக்கு 1835இல் பெர்சிலியஸ் பெயர் சூட்டுவதற்கு முன்பே நிகழ்ந்த கண்டுபிடிப்பு இது.

தெரிந்து தெளிவோம்

தென் அமெரிக்க ஆறுகளில் பொன் அரித்த ஸ்பானியர், பொன்துகள்களோடு கலந்து கிடைத்த வெண்ணிற உலோகத்தை இடையூறாகக் கருதினர். தங்கள் நெருப்பில் உருகாத அதற்கு ‘சிறுவெள்ளி’ என்று பொருள்படும் ‘பிளாட்டினா’ என்னும் ஏளனப் பெயரை இட்டனர். இன்று உலகின் பிளாட்டினத்தில் பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவின் சுரங்கங்களிலிருந்து கிடைக்கிறது.

நஞ்சு ஏறுதல்

வினைவேகமாற்றும் பரப்பு மென்மையானது. வேண்டாத பொருள் ஒன்று அதன்மேல் அமர்ந்து எழ மறுத்தால் வேலை நின்றுவிடும். இதை வேதியியலார் நஞ்சேறுதல் என்பர். எஞ்சின் எண்ணெயில் உள்ள பாஸ்பரசும் துத்தநாகமும் மெல்ல மெல்லப் படிகின்றன. எஞ்சினைப் பழுதுபார்க்கும்போது பூசும் சில சிலிகான் பசைகளின் ஆவி புகையில் கலந்து வந்து, வெப்பத்தில் மணற்பொருளாகிய சிலிக்காவாக மாறி நுண்துளைகளை அடைத்துவிடுகிறது. உணரிக்குத் தீங்கற்ற பசையைத் தனியே கேட்டு வாங்குவது தேர்ந்த பணியாளர் வழக்கம். மின்வாய்க்கு மேலே நுண்துளைப் பீங்கானால் ஒரு காப்புப் படலம் இடுவதும் இப்படிவுகளை வழியிலேயே மறிப்பதற்காகத்தான்.

எல்லா நஞ்சுகளிலும் கொடியது ஈயம். எஞ்சினில் தட்டல் ஓசை எழாதிருக்க 1920கள் முதல் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலக்கப்பட்டு வந்தது. அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் என்று மருத்துவர்கள் எச்சரித்தும் நெடுங்காலம் நீடித்தது. வினைவேகமாற்றியிலும் உணரியிலும் பிளாட்டினம் வந்தபின் நிலைமை மாறியது. ஈயம் கலந்த பெட்ரோலைச் சில முறை நிரப்பினாலே இரண்டும் பாழாகிவிடும். 1970களின் நடுவில் அமெரிக்காவில் ஈயமற்ற பெட்ரோல் விற்பனைக்கு வந்ததற்கு இதுவும் முக்கியக் காரணம். இந்தியாவில் 2000ஆம் ஆண்டில் ஈயப் பெட்ரோல் நிறுத்தப்பட்டது. உலகிலேயே கடைசியாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது. குழந்தைகளின் உடல்நலத்துக்காக மட்டும் நடந்திருக்க வேண்டிய ஒன்றை விரைவுபடுத்த ஓர் உலோகத்தின் ஒவ்வாமையும் தேவைப்பட்டது.

பொன்னின் மந்தம்

இதுவரை பிளாட்டினத்தின் சுறுசுறுப்பு நமக்கு உதவியது. அதே சுறுசுறுப்பு தடையாகும் இடம் ஒன்றும் உண்டு. சரக்குந்துகளின் டீசல் எஞ்சின் எப்போதும் மிகுதியான காற்றோடு இயங்குவது. அதன் புகையில் ஆக்சிஜன் தாராளமாக இருப்பதால் மும்முனை வினைவேகமாற்றியால் நைட்ரஜன் ஆக்சைடுகளை ஒடுக்க இயலாது. அதற்காக யூரியாக் கரைசலைப் புகையில் தெளித்து, அதிலிருந்து பிறக்கும் அம்மோனியாவைக் கொண்டு நைட்ரஜன் ஆக்சைடுகளை நைட்ரஜனாக மாற்றுகிறார்கள். பெட்ரோல் நிலையங்களில் டீசல் வண்டிகளுக்கென விற்கப்படும் நீலநிறக் கலன்களில் இருப்பது 32.5 விழுக்காடு யூரியா கலந்த இக்கரைசலே. எவ்வளவு தெளிப்பது என்பதை முடிவு செய்யவும், மாசு உண்மையிலேயே குறைந்ததா என்று பார்க்கவும் நைட்ரஜன் ஆக்சைடை அளந்தாக வேண்டும்.

சிக்கல் எங்கே என்பதை எண்களே சொல்லும். டீசல் புகையில் பத்து இலட்சம் பங்குக்கு ஆக்சிஜன் ஓர் இலட்சம் பங்கு இருக்கலாம். நைட்ரிக் ஆக்சைடோ சில நூறு பங்குதான். நைட்ரிக் ஆக்சைடை நைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிளந்து, அந்த ஆக்சிஜனை அளப்பதே எளிய வழி. ஆனால் 500 பங்கு நைட்ரிக் ஆக்சைடு பிளந்தால் கிடைப்பது 250 பங்கு ஆக்சிஜன். முன்பே இருக்கும் ஓர் இலட்சத்தில் அது கடலில் கரைத்த பெருங்காயம். ஆகவே, முதலில் இருக்கும் ஆக்சிஜனை ஏறக்குறைய முழுவதும் அகற்ற வேண்டும். அப்படி அகற்றும்போது நைட்ரிக் ஆக்சைடில் அடங்கியுள்ள ஆக்சிஜனைத் தொடக் கூடாது. பாலையும் நீரையும் பிரிப்பதாகச் சொல்லப்படும் அன்னத்துக்கு இட்ட வேலை போன்றது இது.

இதற்காக உருவான உணரி, சிர்கோனியாத் தகடுகளை அடுக்கி ஒன்றாகச் சுட்ட ஒரு மெல்லிய பட்டை. அதற்குள் இரண்டு சிற்றறைகள் உள்ளன. புகை ஒரு குறுகிய வழியாக முதலறைக்குள் கசிகிறது. அங்குள்ள மின்வாய்க்கு மின்னழுத்தம் கொடுத்தால், ஆக்சிஜன் அயனியாகிப் பீங்கான் வழியே வெளியேற்றப்படுகிறது. நெர்ன்ஸ்டின் விதிக்கு இது மறுதலை: அங்கே ஆக்சிஜன் வேறுபாடு மின்னழுத்தத்தைத் தந்தது, இங்கே மின்னழுத்தம் ஆக்சிஜனை நகர்த்துகிறது. இம்முதலறையில் தூய பிளாட்டினத்தைப் பூசினால் என்னவாகும்? அது ஆக்சிஜனைப் பிளப்பதோடு நில்லாமல் நைட்ரிக் ஆக்சைடையும் பிளந்துவிடும். எதை அளக்க வேண்டுமோ அது வாயிலிலேயே அழிந்துவிடும். சாட்சியை விசாரிப்பதற்கு முன்பே துரத்திவிடும் காவலரைப் போன்றது அந்த மின்வாய்.

இங்கேதான் பொன் வருகிறது. பிளாட்டினத்தோடு சிறிதளவு பொன்னைச் சேர்த்தால் அதன் வினைத்திறன் மட்டுப்படுகிறது. மின்வாயின் பரப்பில் நைட்ரிக் ஆக்சைடு அமர்ந்து பிளவதற்கு ஏற்ற இடங்களைப் பொன் அணுக்கள் பிடித்துக்கொள்கின்றன. ஆக்சிஜனை அகற்றும் வேலை தொடர்கிறது. நைட்ரிக் ஆக்சைடு தப்பிப் பிழைக்கிறது. உலோகங்களில் பொன்னே மிகவும் மந்தமானது; எதனோடும் எளிதில் வினைபுரியாமல் ஒதுங்கி நிற்பது. அணிகலனாக அதைப் பல தலைமுறை மங்காமல் காப்பது எந்தப் பண்போ, அப்பண்பே இங்கு நச்சு வளிமம் ஒன்றை அளவிடத் துணைபுரிகிறது. (ஒரு நுட்பம்: மிக நுண்ணிய துகள்களாகச் சிதைத்தால் பொன்னும் சுறுசுறுப்படையும் என்பதை ஜப்பானிய அறிஞர் மசதகே ஹருத்தா 1987இல் காட்டினார். உணரியின் மின்வாயில் உள்ளது அத்தகைய நுண்துகள் வடிவம் அன்று.)

முதலறையைக் கடந்த வளிமம் இரண்டாம் அறையை அடைகிறது. எஞ்சியிருக்கும் சொற்ப ஆக்சிஜன் அங்கு அகற்றப்பட்டபின், நைட்ரிக் ஆக்சைடு இறுதி மின்வாயைச் சந்திக்கிறது. இங்கே வேண்டியது நேர்மாறான இயல்பு: நைட்ரிக் ஆக்சைடைத் தப்பவிடாமல் முற்றும் பிளக்கும் உலோகம். அப்பணிக்கு ரோடியம் உரியது. தனியாகவோ பிளாட்டினத்தோடு கலந்தோ பயன்படுகிறது. பெட்ரோல் வண்டியின் மும்முனை வினைவேகமாற்றியில் நைட்ரஜன் ஆக்சைடுகளை ஒடுக்குவதும் ரோடியமே என்பதை ஒப்புநோக்கலாம். பிளவில் கிடைக்கும் ஆக்சிஜன் அயனியாகிப் பீங்கான் வழியே செல்லும்போது மிகச்சிறிய மின்னோட்டம் உண்டாகிறது. ஓர் ஆம்பியரைப் பத்து இலட்சமாகப் பகுத்தால் வரும் அளவில் அதைக் கணக்கிட வேண்டும். ஒரே பட்டையில் சில மில்லிமீட்டர் இடைவெளியில், ஒன்று நைட்ரிக் ஆக்சைடைக் கண்டும் காணாததுபோல் இருக்க, மற்றொன்று அதை மட்டுமே தேடி நிற்கிறது.

பொன்னைச் சேர்ப்பதில் ஆபத்தும் உண்டு. உணரி ஏறத்தாழ 800 பாகையில் இயங்குகிறது. பொன் 1064 பாகையில் உருகுவது; 800 பாகையிலேயே அதன் அணுக்கள் சிறுகச் சிறுக ஆவியாகும். முதலறையைவிட்டுக் கிளம்பிய பொன் இரண்டாம் அறையின் ரோடியத்தின்மேல் படிந்தால், பிளக்க வேண்டிய மின்வாயும் மந்தமாகிவிடும். அப்போது உணரி உள்ளதைவிடக் குறைவாகச் சொல்லும். வண்டி மாசைக் கக்கிக்கொண்டிருக்க, எல்லாம் நலமே என்று கணினி எண்ணிக்கொண்டிருக்கும். ஆகவே எவ்வளவு பொன் போதும், எந்த வெப்பநிலையைத் தாண்டக் கூடாது என்பவை இத்துறையினர் ஓயாமல் மல்லாடும் கேள்விகள். பொன் குறைந்தால் மாசு முதலறையிலேயே அழியும். கூடினால் இரண்டாம் அறை கெடும்.

இன்னொரு குறையும் சொல்லத்தக்கது. யூரியா மிகுதியாகத் தெளிக்கப்பட்டால் அம்மோனியா மீந்து புகையோடு வெளியேறும். உணரியின் வெப்பத்தில் அது ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரிக் ஆக்சைடாகிவிடுவதால், அம்மோனியாவையும் நைட்ரஜன் ஆக்சைடு என்றே உணரி கணக்கிடும். ‘மாசு கூடிவிட்டது’ என்று நம்பி இன்னும் அதிக யூரியாவைத் தெளித்தால் தவறு பெருகும். இதைத் தவிர்க்க, தெளிப்பின் அளவைச் சற்றே மாற்றிவிட்டு உணரியின் விடை எத்திசையில் நகர்கிறது என்று பார்க்கும் உத்தியைக் கணினி நிரல்கள் கையாள்கின்றன.

ஆக்சைடு மின்வாய்கள்

விலைமிக்க உலோகங்களைக் கைவிட்டு, கடத்தும் ஆக்சைடுகளால் மின்வாய் செய்யும் ஆய்வுகளும் நடைபெற்று வருகின்றன. ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் நோரியோ மியூரா குழுவினர் நிக்கல் ஆக்சைடு மின்வாயைக் கொண்டு, 800 பாகையிலும் அதற்கு மேலும் நைட்ரஜன் டைஆக்சைடை உணர முடியும் என்று காட்டினர். இவ்வகை உணரியில் ஒரே மின்வாயின்மேல் இரண்டு வினைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன: ஒன்று ஆக்சிஜனுடையது, மற்றொன்று அளக்கப்படும் வளிமத்தினுடையது. கயிறு இழுக்கும் போட்டியில் இரு அணிகளும் சமன்படும் இடத்தில் கயிற்றின் முடிச்சு நிற்பதுபோல, இரு வினைகளும் ஈடாகும் இடத்தில் மின்னழுத்தம் நிற்கிறது. எந்த வினை விரைவானது என்பது மின்வாய்ப் பொருளைச் சார்ந்திருப்பதால், டங்ஸ்டன் ஆக்சைடு, குரோமியம் ஆக்சைடு எனப் பொருளை மாற்றினால் உணரியின் நாட்டமும் மாறும். சமநிலையை எட்டாமையே இவற்றின் பலம். பிளாட்டினத்தைப்போல எல்லாவற்றையும் எரித்து முடிக்கும் பொருள் இங்கு உதவாது. ஆனால் வினைகளின் வேகம், மின்வாயின் மணிகள் வெப்பத்தில் பெருக்கப் பெருக்க மாறிவிடும். இன்று காட்டிய மின்னழுத்தத்தை ஆயிரம் மணிநேர ஓட்டத்துக்குப் பின்னும் அதே மாசுக்குக் காட்டும் என்று உறுதி கூறுவது கடினம். சரக்குந்து ஒன்று தன் வாழ்நாளில் பல இலட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. ஆய்வகத்தில் நன்றாக இயங்கும் ஆக்சைடு மின்வாய்கள் புகைக்குழாயில் பிளாட்டினத்தின் இடத்தைப் பிடிக்கத் தயங்குவது அதனால்தான்.

கற்பவை கற்றபின்

1. புகையில் கார்பன் மோனாக்சைடு 1 விழுக்காடும் ஆக்சிஜன் 2 விழுக்காடும் இருந்தால், பிளாட்டின மின்வாய் எத்தகைய விடையைத் தரும்? கணக்கிட்டு வகுப்பில் விளக்குக.

2. உங்கள் ஊரிலுள்ள வாகனப் பணிமனைக்குச் சென்று, பழுதடைந்து கழற்றப்பட்ட ஆக்சிஜன் உணரியைப் பார்வையிடுக. அதன்மேல் படிந்துள்ள பொருளின் நிறத்தைக் கொண்டு பணியாளர் எவற்றை அறிகிறார் என்பதைக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

3. ‘மின்முனை’, ‘மின்வாய்’ ஆகிய கலைச்சொற்களுள் எது பொருத்தமானது என்பது குறித்து இரு அணிகளாகப் பிரிந்து உரையாடுக.